கடல் உங்கள் ஊரில் எந்தப் பக்கம்? ஆரம்பப் பிரிவில் இணையவழிக் கூட்டுச் செயற்றிட்டத்தால் புவியியல் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும்போது உங்கள் வகுப்பறைக்குள் வெளிச்சம் விழுமா?"

மட்டக்களப்பில் நான்காம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளை பென்சிலால் எழுதிய கேள்வி இது. அதன் ஆசிரியை கைத்தொலைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கொழும்பு வடக்கிலுள்ள எங்கள் வகுப்பில் அதை வாசித்தபோது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலிமுகத்திடலில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைத்தான் அவர்கள் கண்டிருக்கிறார்கள். "டீச்சர், அந்தப் பிள்ளை பிழையாக எழுதிவிட்டது" என்றான் ஒரு சிறுவன். நான் பதில் சொல்லாமல் இலங்கைப் படத்தைத் தரையில் விரித்து வைத்தேன். சற்று நேரத்தில் ஒரு சிறுமி மட்டக்களப்பில் ஒரு விரலையும் கொழும்பில் ஒரு விரலையும் வைத்து, "அவர்களுடைய கடல் வேறு பக்கத்தில் இருக்கிறது" என்றாள். கிழக்கு, மேற்கு என்ற சொற்களை அவர்கள் இரண்டு வருடமாக மனனம் செய்திருந்தார்கள். அவை அன்றுதான் அவர்களுக்குப் பயன்பட்டன.

பிள்ளை தன் ஊரைப் பற்றி ஆசிரியருக்கு எழுதும்போது, அவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதை அறிந்தே எழுதுகிறது. ஆகவே நான்கு வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறது. உண்மையிலேயே தெரியாத ஒரு பிள்ளை கேட்டால் நிலைமை வேறு. ஊரைத் திரும்பிப் பார்க்கவேண்டும், சரிபார்க்கவேண்டும், அடையாளம் சொல்லவேண்டும். இணையம் நமக்குத் தருவது அந்தத் தெரியாத பிள்ளையைத்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகவே. தரம் 4, 5 ஆகியவற்றில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் கற்பிக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வகுப்புக்கு ஒரு கைத்தொலைபேசி, வாரத்தில் இரண்டு பாடவேளை, ஏறத்தாழ எட்டு வாரம் இருந்தால் போதும்.

முதற்படி: இணை வகுப்பைத் தேடுங்கள்

வகுப்புகளை இணைக்கும் உலகளாவிய வலையமைப்புகளில் தேடத் தொடங்காதீர்கள். 1988 முதல் இயங்கும் ஐஏர்ன் போன்றவை நல்லவைதான். ஆனால் நாலாம் தரப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுதுவதே பெரும் வேலையாகிவிடும், ஊரைப் பற்றிய யோசனை பின்னுக்குப் போய்விடும். முதல் தடவை தமிழிலேயே செய்யுங்கள். கல்வியியற் கல்லூரியில் உங்களுடன் படித்தவர்கள் இன்று எங்கெங்கே கற்பிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வலயத்தின் சேவைக்கால ஆலோசகரிடமும் கேட்கலாம். நான் இரண்டு தொலைபேசி அழைப்புகளில் ஆட்களைக் கண்டுபிடித்தேன்.

ஊரைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். உங்கள் ஊருக்கு எதிர்மாறாகவோ, உங்கள் ஊரோடு ஏதோ ஒன்றால் கட்டப்பட்டதாகவோ அந்த ஊர் இருக்கவேண்டும். கொழும்புக்கு மட்டக்களப்பு எதிர்மாறு: கடல் மறுபக்கம், மழைக்காலம் வேறு. மலையகத்திலுள்ள மஸ்கெலியாவும் நோர்வூட்டும் கொழும்போடு ஆற்றால் கட்டப்பட்டவை. யாழ்ப்பாணம் ஏறக்குறைய நேர் வடக்கே இருப்பதால் நிழல் அளக்கும் வேலைக்கு மிகப் பொருத்தம். கொழும்பில் அடுத்தடுத்திருக்கும் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் இணைந்தால் வேலை சுலபம், ஆனால் பிள்ளைகளுக்குக் கேட்க எதுவும் இராது. முதல் வருடம் ஒரே ஓர் இணை வகுப்பு போதும். நாங்கள் இரண்டாம் வருடத்தில்தான் மூன்று வகுப்புகளானோம்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை நடத்தும் உறவினர் இருந்தால் அதைப் பின்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேர வித்தியாசத்தைக் கற்பிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ரொறன்ரோ நமக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னால் இருக்கிறது. மாமியுடன் பேச எப்போது அழைக்கவேண்டும் என்பது பல பிள்ளைகளுக்கு முன்பே தெரியும்.

இரண்டாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

அதிபரிடம் ஒரு பக்கத் திட்டத்தைக் கொடுங்கள். பெற்றோருக்குச் சிறு கடிதம் போதும்: என்ன செய்யப் போகிறோம், எந்த ஊர் வகுப்போடு, பிள்ளையின் எது வெளியே போகும், எது போகாது. எங்கள் ஒழுங்கு இறுக்கமானது. பிள்ளையின் முழுப்பெயர், முகம், வீட்டு முகவரி, போய்வரும் வழி எதுவும் பகிரப்படுவதில்லை. கை எழுதுவதைப் படம் எடுக்கலாம், முகத்தை எடுப்பதில்லை. கைத்தொலைபேசியின் கமராவில் இடத்தைப் பதியும் வசதியை நிறுத்திவிடுங்கள். பிள்ளை தன் வீட்டைப் படத்தில் குறிக்க ஆசைப்படும். அது கொப்பியோடு நிற்கட்டும். பகிரும் படத்தில் சந்தை, கோவில், பள்ளிவாசல், தேவாலயம், பாலம் போன்ற பொது இடங்கள் மட்டும்.

வாட்ஸ்அப், கூகுள் இரண்டிலும் பிள்ளை தானே கணக்குத் திறக்கப் பொதுவாக 13 வயதாக வேண்டும் என்பது அந்தந்த நிறுவனங்களின் விதி. ஆகவே பிள்ளைகளைக் குழுவில் சேர்க்க வேண்டாம், பெற்றோரின் கணக்கில் போடவும் சொல்ல வேண்டாம். கணக்கு ஆசிரியர்களிடமே இருக்கவேண்டும். நாம்தான் தபால்காரர்.

மூன்றாம் படி: எந்தக் கருவி

மிகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கிடையே ஒரு வாட்ஸ்அப் குழு, எல்லோரும் சேர்ந்து நிரப்பும் ஒரு கூகுள் ஸ்லைட்ஸ் கோப்பு, காட்டுவதற்குக் கூகுள் எர்த். புரொஜெக்டர் இல்லாவிட்டால் படங்களை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சொல்லப்போனால் சுவர் திரையைவிட மேலானது. இடைவேளையிலும் பிள்ளைகள் அதன் முன் நின்று வாசிக்கிறார்கள்.

தமிழ் தட்டச்சுக்காக ஒரு பாடவேளையையும் செலவிடாதீர்கள். கையால் எழுதட்டும், படம் எடுத்து அனுப்புங்கள். மறுபக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கையெழுத்துத்தான் பிடிக்கிறது. கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்த 2020, 2021 காலத்தில் மலையகத்தில் சிக்னலுக்காகப் பிள்ளைகள் பாறையில் ஏறியதை நாம் மறந்துவிடக்கூடாது. இணை வகுப்பின் ஆசிரியருக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில் இணைப்புக் கிடைக்கும் என்று முதலிலேயே கேட்டு, அதற்கேற்ப வாரத்தில் ஒரு நாளை அனுப்பும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: முதலில் காகத்தின் கண்

பரிமாற்றத்துக்கு முன் ஒரு வாரம் சொந்த ஊர்ப் படத்தில் செலவாகட்டும். எட்டு வயதுப் பிள்ளை படம் வரையும்போது வீடுகளைக் கூரையோடு நிமிர்த்தி வரையும். அது இயல்பு. "மேலிருந்து பார்த்தால்" என்று சொல்வதால் மாறாது. கொழும்பில் காகத்துக்குப் பஞ்சமில்லை, "மதிலில் இருக்கும் காகம் பறந்து நம் பாடசாலைக்கு மேலே போனால் அதற்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள். மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தலை நிறுத்தி, கதிரையில் ஏறிப் பார்த்து வரையச் சொன்னால் வட்டம் வருகிறது. அந்த வட்டத்தைக் கண்டதும் பிள்ளைக்குப் படம் என்றால் என்ன என்பது புரிகிறது. பிறகு வகுப்பறை, பிறகு பாடசாலை வளவு, பிறகு சுற்றியுள்ள வீதிகள். அதன் பிறகே கூகுள் எர்த்தில் பாடசாலைக் கூரையைக் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் பிள்ளை அதைப் பார்த்து வரையும், காகமாக மாறாது.

வடக்கைப் படத்தின் "மேல்" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து வடக்கு கூரையில் இருக்கிறது என்று நம்பும் பிள்ளைகளைப் பத்தாம் தரத்திலும் கண்டிருக்கிறேன். படத்தைத் தரையில் விரித்து, கடலைக் கடலின் பக்கம் திருப்பி வையுங்கள். கொழும்புப் பிள்ளைக்கு இது வரப்பிரசாதம். கடல் எப்போதும் மேற்கு. கடலுக்கு முகம் காட்டி நின்றால் வலக்கை வடக்கு.

ஐந்தாம் படி: கேள்விப் பரிமாற்றம்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம், இரண்டு வாரம் கொடுங்கள்.

படங்களை மாற்றிக்கொண்ட பிறகு, மற்ற வகுப்பின் படத்தைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கேள்வி எழுதவேண்டும். "உனக்குப் பிடித்த நிறம் என்ன" போன்றவை வரும். வரட்டும், ஒன்றை அனுமதியுங்கள். மற்றது இடத்தைப் பற்றியதாக இருக்கவேண்டும். எழுதத் தெரியாமல் திணறும் பிள்ளைக்கு மூன்று தொடக்கங்களைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள்: "உங்கள் ஊரில் எங்கே...", "அது ஏன் அங்கே இருக்கிறது...", "அங்கிருந்து இங்கே வர..."

கேள்விகளை ஆசிரியர் திருத்தக்கூடாது. எழுத்துப்பிழையைத் திருத்தலாம், கேள்வியை அல்ல. எங்கள் பிள்ளை ஒன்று, "உங்கள் பாலம் பாடுமா?" என்று எழுதியது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் தடுத்திருந்தால், மட்டக்களப்பு வாவியைப் பற்றி அந்த வகுப்பு எழுதி அனுப்பிய இரண்டு பக்கத்தை இழந்திருப்போம்.

விடை சொல்வதற்கு ஓர் ஒழுங்கு: பார்த்து, கேட்டு, அளந்து சொல்லவேண்டும்; இணையத்தில் தேடிச் சொல்லக்கூடாது. தெரியாவிட்டால் வீட்டில் பாட்டியிடம் கேட்கலாம், கடைக்காரரிடம் கேட்கலாம். மட்டக்களப்பிலிருந்து, "முகத்துவாரம் எங்கள் ஊரில்தானே இருக்கிறது, அதை ஏன் உங்கள் படத்தில் போட்டீர்கள்?" என்று ஒரு கேள்வி வந்தது. கொழும்பு 15 இல் முகத்துவாரம் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. இரண்டு வகுப்பும் தங்கள் பெயரை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கடைசியில் ஒரு தாத்தா சொல்லித்தான் தெரிந்தது, அந்தச் சொல்லின் பொருளே நீர் கடலோடு சேரும் வாய் என்று. எங்களிடம் களனி கங்கை கடலில் சேருகிறது, அவர்களிடம் வாவி கடலுக்குத் திறக்கிறது. ஊர்ப்பெயருக்குள் புவியியல் ஒளிந்திருப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். அடுத்த நாள் வகுப்பில் எல்லா ஊர்ப்பெயரையும் உடைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

சொற்கள் மோதுவதும் நல்லது. யூன் மாதத்தில், "இங்கே கச்சான் வீசுகிறது, தலை வெடிக்கும் வெயில்" என்று அவர்கள் எழுதினார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை; அதை யார் வீசுகிறார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கச்சான் என்றது தென்மேல் காற்றை. அதே காற்றை யாழ்ப்பாணத்தில் சோளகம் என்பார்கள். ஒரு காற்றுக்கு ஊருக்கு ஊர் ஏன் வேறு பெயர், வேறு குணம் என்று ஒரு பாடவேளை முழுவதும் பேசினோம். இத்தகைய சொற்களுக்குச் சுவரில் ஒரு தனிப் பகுதி ஒதுக்குங்கள்.

ஆறாம் படி: சேர்ந்து ஒரு பொது வேலை

கேள்விகள் ஓய்ந்ததும், எந்த ஒரு வகுப்பும் தனியாகச் செய்ய முடியாத வேலையைக் கொடுங்கள். தனியாகச் செய்ய முடிந்தால் அது கூட்டு வேலை அல்ல. மூன்று வேலைகளைச் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு ஒன்று போதும்.

ஆற்றை ஒட்டுதல். கொழும்பில் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். களனி கங்கை 145 கிலோமீற்றர் நீளம். சிவனொளிபாத மலைப் பக்கத்து மலைகளில் பிறக்கும் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே சேருகின்றன. அவற்றின் குறுக்கே மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. கொழும்பின் குடிநீரில் பெரும்பங்கு இதே ஆற்றிலிருந்து அம்பத்தளையில் எடுக்கப்படுகிறது. ஆகவே "இன்று காலை நீ குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வியோடு தொடங்குங்கள். "குழாயிலிருந்து" என்பார்கள். குழாய்க்கு எங்கிருந்து? இப்படியே பின்னோக்கிப் போனால் மஸ்கெலியாவிலுள்ள அந்த வகுப்பின் மழையில் போய் நிற்கும். முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளின் ஊரிலிருந்து தங்களுக்குத் தண்ணீர் வருகிறது என்று கண்டபோது எங்கள் வகுப்பில் விழுந்த அமைதியை நான் மறக்கவில்லை.

ஒரே அகலமுள்ள கடதாசிச் சுருளில் மேலே உள்ள வகுப்பு ஆற்றின் மேற்பகுதியையும் கீழே உள்ள வகுப்பு கீழ்ப்பகுதியையும் வரையட்டும். அகலத்தையும், ஆற்றின் நிறத்தையும், ஒரு சாண் எத்தனை கிலோமீற்றர் என்பதையும் முன்கூட்டியே பேசித் தீர்மானியுங்கள். நாங்கள் பேசாமல் தொடங்கினோம். அவர்களுடைய ஓடை எங்கள் களனியைவிட அகலமாக வந்து சேர்ந்தது. அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து, "ஒரே அளவு வைத்திருக்கவேண்டும்" என்றார்கள். அளவுத்திட்டத்தை அதன் பிறகு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பிறகு ஸ்லைட்ஸ் கோப்பில் ஆற்றோரத்து ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம். நீர்ப்பாசனத் திணைக்களம் நோர்வூட், கித்துல்கல, கிளென்கோஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி ஆகிய இடங்களில் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. மழை வாரத்தில் அந்த எண்களைப் பலகையில் எழுதுங்கள். மேலே ஏறிய தண்ணீர் கொழும்பிலுள்ள நாகலகம் வீதிக்கு வர நேரம் எடுப்பதைப் பிள்ளைகள் எண்களிலேயே காண்கிறார்கள். 2016 மே மாதம் களனி பெருகி கொலன்னாவைப் பக்கம் மூழ்கியதை வீடுகளில் இன்னும் சொல்வார்கள். அத்தகைய கதை உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால், அது விரும்பினால் மட்டும் பேசட்டும், வற்புறுத்த வேண்டாம். பிள்ளைகளை ஆற்றோரத்துக்கு அனுப்பவும் வேண்டாம். தெளிந்த போத்தலில் தண்ணீர் எடுத்து, பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து, இரு ஊரிலும் ஒரே நாளில் ஆசிரியரே படம் எடுக்கட்டும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு பாடம்.

மழையை அளத்தல். பக்கம் நேரான பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்தால் மழைமானி தயார். அடி மேடுபள்ளமாக இருக்கும். கல் போட்டு, பூச்சியக் கோடு வரை தண்ணீர் ஊற்றி அங்கிருந்து அளக்கவேண்டும். தினமும் ஒரே நேரத்தில் வாசியுங்கள். திங்கட்கிழமை எண் மூன்று நாள் மழை என்பதைக் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு குழம்பும். நுளம்பு முட்டையிடாதபடி வாசித்தவுடன் பூச்சியக் கோட்டுத் தண்ணீரையும் சேர்த்துக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். வெள்ளிக்கிழமை கோட்டளவு தண்ணீரை விட்டுவைத்தால் வாய்க்கு வலைத்துணி கட்டுங்கள். டெங்கு உள்ள ஊரில் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. யூனில் மஸ்கெலியாப் போத்தல் நிரம்பும், மட்டக்களப்புப் போத்தல் வெறுமையாக நிற்கும். டிசெம்பரில் மட்டக்களப்பின் முறை. தென்மேல் காற்று மலையில் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. அந்தக் காய்ந்த காற்றுத்தான் அவர்களுடைய கச்சான்.

நிழலை அளத்தல். இது யாழ்ப்பாண வகுப்போடு, மார்ச் 20, 21 அல்லது செப்டெம்பர் 22, 23 ஆகிய நாட்களில் செய்யவேண்டியது. ஒரு மீற்றர் தடியை வெற்றிடத்தில் செங்குத்தாக நட்டு, மார்ச்சில் 12.05 முதலும் செப்டெம்பரில் 11.50 முதலும் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியைக் குறியுங்கள். மிகக் குறுகிய நிழல் மார்ச்சில் 12.18 அளவிலும் செப்டெம்பரில் 12.03 அளவிலும் விழும். கொழும்பில் அது ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர், யாழ்ப்பாணத்தில் 17. ஒரே நாள், ஒரே தடி, ஐந்து சென்ரிமீற்றர் வித்தியாசம். ஏன் என்று கேட்டுவிட்டு, ஒரு பந்தில் இரண்டு தீக்குச்சிகளைக் குத்தி வெயிலில் பிடிக்கக் கொடுங்கள். அகலாங்கு என்ற சொல் அதன் பிறகு வரட்டும். அந்தக் குறுகிய நிழல் நேர் வடக்கைக் காட்டும். ஆனால் ஏப்ரல் முதல் வாரம் கடந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகலில் சூரியன் கொழும்புக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும்; இதை மறந்து மே மாதத்தில் செய்தால் திசை தலைகீழாகிவிடும்.

ஏழாம் படி: நேரில் பேசுவது கடைசியில்

முதல் வருடம் நான் நேரலைச் சந்திப்போடு தொடங்கினேன். எழுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் "வணக்கம்" சொன்னார்கள், பிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை, பிறகு இணைப்பு அறுந்தது. இப்போது ஏழாம் வாரத்தில்தான் வைக்கிறோம். அதற்குள் ஒருவர் ஊரை ஒருவர் அறிந்திருக்கிறார்கள், கேட்க மிச்சம் இருக்கிறது. இருபது நிமிடம், ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஆறு கேள்விகள், பேசப்போகும் பிள்ளைகள் முன்பே தீர்மானம். கமரா பிள்ளைகளின் முகத்தை அல்ல, மேசையில் விரித்த படத்தையும் கடதாசி ஆற்றையும் பார்க்கட்டும். இணைப்பு அறுந்தால் மிச்சக் கேள்விகளைக் குரல் பதிவாக அனுப்புங்கள்.

எட்டாம் படி: என்ன கற்றார்கள் என்று பார்ப்பது

ஐந்தாம் தரப் பரீட்சையை நினைத்து, "இது புலமைப்பரிசிலுக்கு வருமா?" என்று ஒரு பெற்றோராவது கேட்பார். திசை, படம் வாசித்தல், காலநிலை, ஆறு எல்லாம் பாடத்திட்டத்தில் உள்ளவைதான் என்று சொல்லுங்கள். ஆனால் ஐந்தாம் தரத்தின் நெருக்கத்தில் இந்த வேலை மூச்சுத் திணறும். நான்காம் தரத்திலேயே செய்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

புள்ளி போடுவதைவிட, முதல் வாரத்தில் வரைந்த ஊர்ப் படத்தையும் எட்டாம் வாரத்தில் மீண்டும் வரைந்த படத்தையும் அருகருகே வையுங்கள். கூரைகள் படுத்திருக்கின்றனவா, கடல் சரியான பக்கத்தில் இருக்கிறதா, இணை வகுப்பின் ஊர் எந்தத் திசையில் என்று அம்புக்குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேள்விகளையும் ஒப்பிடுங்கள். "எங்கே" என்று கேட்ட பிள்ளை "ஏன் அங்கே" என்று கேட்கத் தொடங்கியிருந்தால் அதைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

விடை கிடைக்காத கேள்விகளை ஒரு பெட்டியில் போட்டு அடுத்த வருட வகுப்புக்குக் கொடுங்கள். ஸ்லைட்ஸ் கோப்பையும் அச்சிட்டு நூலகத்தில் வையுங்கள். எங்கள் பெட்டியில் இப்போது மேலே இருப்பது மஸ்கெலியாவிலிருந்து வந்தது: "நாங்கள் ஓடையில் விடும் கடதாசிக் கப்பல் உங்கள் முகத்துவாரத்துக்கு வருமா?" வழியில் எத்தனை அணைகள் குறுக்கே நிற்கின்றன என்று முதலில் எண்ணவேண்டும். புதிய தவணையின் முதல் பாடவேளைக்கு அதை எடுத்து வைத்திருக்கிறேன்.